ஊராட்சித் தலைவியாக வென்ற பெண் தம் அதிகாரத்தைத் தாமே செலுத்துவது எப்படி: நெல்லைச் சீமைக்கு ஒரு வழிகாட்டி

நெல்லைச் சீமையின் ஊர்களில் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்கும்போது தலைக்கட்டுக் கணக்கு போடுவார்கள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. கணவனை இழந்த பெண்ணைச் சில ஊர்களில் அரை வரியாக எழுதுவார்கள். பல ஊர்களில் அவர் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார். ஊர்க்கூட்டத்தில் உட்காரும் உரிமையும் வாய் திறக்கும் உரிமையும் இந்தக் கணக்கை ஒட்டியே அமைகின்றன. வாக்காளர் பட்டியலோ வேறு கணக்கு. அதில் பதினெட்டு வயது நிறைந்த ஒவ்வொருவரும் ஒரு முழு ஆள். ஒரு பெண் வாக்காளர் பட்டியலின்படி தேர்ந்தெடுக்கப்பட்டுத் தலைவராகிவிட்டு, ஊராட்சியின் முடிவுகள் மட்டும் தலைக்கட்டுக் கணக்கின்படி இரவில் சாவடித் திண்ணையில் எடுக்கப்படுமானால், அவர் கையில் நாற்காலி இருக்கும், அதிகாரம் இருக்காது. முடிவெடுக்கும் இடத்தைத் திண்ணையிலிருந்து கிராம சபைக்கும் ஊராட்சி மன்றக் கூட்டத்துக்கும் கொண்டுவந்து சேர்ப்பது எப்படி என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் வேலை.

நான் தாமிரபரணிக் கரையிலுள்ள ஓர் ஊராட்சியில் முதலில் வார்டு உறுப்பினராகவும், 2006 முதல் 2011 வரை தலைவராகவும் இருந்தவள். அதற்குப் பிறகு பல பெண் தலைவர்களோடு ஒன்றிய அலுவலகத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் நடந்திருக்கிறேன். கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி அந்த நடையில் கற்றது.

சட்டத்தின் பக்கம் நமக்குக் குறைவொன்றுமில்லை. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குப் பெண்கள் வந்தார்கள். 2016-இல் அந்தப் பங்கு பாதியாக உயர்த்தப்பட்டது. தென்காசி பிரிந்த பிறகு திருநெல்வேலி மாவட்டத்தில் 9 ஒன்றியங்களும் 204 கிராம ஊராட்சிகளும் உள்ளன. 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில் இங்கு நடந்த தேர்தலில் பாளையங்கோட்டை ஒன்றியத்துச் சிவந்திப்பட்டியில் தொண்ணூறு வயதுப் பெருமாத்தாள் தலைவராக வென்றார். அண்டையிலுள்ள தென்காசி மாவட்டத்தின் வெங்கடாம்பட்டியில் 21 வயதுச் சாருகலா வென்றார். ஆகவே வயது தடை என்று சொல்லி ஒதுங்க வேண்டியதில்லை.

வேட்புமனுவுக்கு முன்பு

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தது யார்? ஊர்க்கூட்டம் பதவியை ஏலம் விட்டு, எடுத்தவர் தம் மனைவியை நிறுத்துவது நம் பக்கத்தில் கேள்விப்படாத செய்தியன்று. அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறமிருக்க, பணம் கொடுத்து வாங்கிய பதவிக்கு வாங்கியவரே உரிமையாளர். அந்தப் பெண் ஐந்தாண்டுக்கும் அவருடைய கையெழுத்து மட்டுமே. அப்படி ஒரு ஏற்பாட்டில் உங்கள் பெயர் அடிபட்டால் மறுத்துவிடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து. சுய உதவிக் குழுவில் பத்தாண்டு கணக்கெழுதிய அனுபவமோ, பீடிச் சங்கத்தில் கூலிக்காகப் பேசிய அனுபவமோ, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த பழக்கமோ உங்களுக்கு இருந்தால், நிற்க வேண்டும் என்ற முடிவு உங்களுடையதாக இருப்பதற்கு அதுவே போதிய அடித்தளம்.

நடைமுறை வேலைகள் குறைவு. 21 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். தனித்தொகுதியானால் சாதிச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவற்றில் பாக்கி இருந்தால் மனு தள்ளுபடியாகும் ஆபத்து உண்டு என்பதால் அவற்றைக் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். கடந்த தேர்தலில் தலைவர் பதவிக்கு வைப்புத்தொகை 600 ரூபாய்; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 300 ரூபாய். இந்தத் தொகையை உங்கள் கையால் கட்டி, உங்கள் பெயரில் ரசீது வாங்குங்கள். தலைவர், வார்டு உறுப்பினர் பதவிகளுக்குக் கட்சிச் சின்னம் கிடையாது என்பதால் வாக்குக் கேட்கும்போது உங்கள் பெயரையும் முகத்தையும்தான் மக்கள் நினைவில் வைக்க வேண்டும். சுவரொட்டியில் கணவரின் படம் பெரிதாகவும் உங்கள் படம் மூலையிலும் இருந்தால் தேர்தலுக்குப் பிறகு அந்த அளவு மாறாது.

வென்ற முதல் மாதம்

தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். பதவியேற்ற மகிழ்ச்சியில் பெண் தலைவர்கள் பலர் இந்த இரண்டாவது தேர்தலைக் கவனிப்பதில்லை, அது பெரிய பிழை. ஊராட்சி நிதியிலிருந்து பணம் எடுக்கும் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பதால், உங்களை ஏற்க மனமில்லாத ஒருவர் துணைத் தலைவராக வந்து உட்கார்ந்தால் குடிநீர் மோட்டார் ரிப்பேருக்குக்கூடப் பணம் நகராது. எனவே வாக்கு எண்ணிக்கை முடிந்த அன்றே, வென்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவரின் வீட்டுக்கும், முக்கியமாகப் பெண் உறுப்பினர்களின் வீட்டுக்கு, நேரில் போங்கள். நீங்கள் யாரோடு வேலை செய்ய முடியும் என்பதை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பாதி உறுப்பினர்கள் பெண்களாக இருக்கும் மன்றத்தில் ஒரு பெண்ணையே துணைத் தலைவராகக் கொண்டுவர இயலும் என்பதை அவர்கள் பலர் யோசித்தே இருக்க மாட்டார்கள்.

அடுத்தது செல்போன் எண். இது சிறிய விஷயம் போலத் தோன்றும். என் அனுபவத்தில் அதிகாரம் கைமாறுவதே இங்கேதான். ஒன்றிய அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவரின் எண் என்று பலநேரம் கணவரின் எண் அல்லது மகனின் எண் சேர்க்கப்பட்டுவிடுகிறது. கூட்ட அறிவிப்பு, நிதி ஒதுக்கீடு, புயல் எச்சரிக்கை, வங்கியிலிருந்து வரும் ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்கே போகும். பதவியேற்ற வாரத்திலேயே உங்கள் பெயரில் வாங்கிய சிம் கார்டின் எண்ணை எழுத்துமூலம் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும், வங்கியிலும், ஊராட்சிச் செயலரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மத்திய நிதிக்குழு மானியம் போன்றவை இப்போது இணையவழியில் டிஜிட்டல் கையொப்பத்தின் மூலம் செலவாகின்றன. அந்தக் கையொப்பம் அடங்கிய டோக்கன், பார்வைக்குப் பென்டிரைவ் போல இருக்கும். அதைச் செயலரின் மேசையிலோ, கணினி மையம் வைத்திருப்பவரிடமோ, ஒப்பந்ததாரரின் கார் டேஷ்போர்டிலோ விட்டுவைப்பது, கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை விட்டுவைப்பதற்குச் சமம். டோக்கன் உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும், அதன் கடவுச்சொல் உங்கள் தலையில் மட்டும் இருக்கட்டும்.

அலுவலகத்தின் ஒரு சாவி உங்களிடம் இருக்க வேண்டும். பெயர்ப் பலகையில் உங்கள் பெயர் முழுமையாக எழுதப்பட வேண்டும். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஆகிய நாள்களில் ஊராட்சி அலுவலகத்தில் கொடியேற்ற வேண்டியவர் தலைவர்தான். பட்டியல் சாதியைச் சேர்ந்த தலைவிகளுக்கு இதைத் தடுக்கும் முயற்சிகள் தமிழ்நாட்டில் நடந்திருப்பதால், கொடியேற்றும் நேரத்தை ஒரு வாரத்துக்கு முன்பே எழுத்தில் அறிவித்துவிடுவது நல்லது.

கையெழுத்து

கிராம ஊராட்சிக்கு மூன்று முக்கியக் கணக்குகள் உண்டு. முதலாம் கணக்கு பொதுநிதி. இரண்டாம் கணக்கு மின்கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்குச் செலுத்தவும் ஒதுக்கியது. மூன்றாம் கணக்கு திட்ட நிதி. மாதம் ஒருமுறை மூன்று பாஸ்புத்தகங்களையும் வங்கியில் பதிந்து வாங்கி, கடந்த மாதத்து இருப்புக்கும் இந்த மாதத்து இருப்புக்கும் உள்ள வித்தியாசத்தைச் செயலரை வரி வரியாக விளக்கச் சொல்லுங்கள். கணக்குப் புரியாது என்று அஞ்ச வேண்டாம். ஆயிரம் பீடிக்குக் கூலி, தூள் கழிவு, இலைக் கழிவு என்று கணக்குப் பார்த்துக் கடைக்காரரோடு வாதாடிய பெண்களுக்கு இந்த மூன்று கணக்குகள் கடினமல்ல. நம்மைக் கணக்குக்கு வெளியே நிறுத்தியவர்கள்தாம் அது கடினம் என்று நம்பவைத்தார்கள்.

என் முதல் மூன்று மாதங்களில் நான் செய்த தவறை இங்கே சொல்ல வேண்டும். அடிக்கடி வங்கிக்கு அலைய வேண்டாம் என்று வீட்டிலும் அலுவலகத்திலும் சொன்னதைக் கேட்டு, தொகை எழுதாத காசோலைகளில் மொத்தமாகக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். ஒரே ஆழ்குழாய் மோட்டாருக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை ரிப்பேர்ச் செலவு எழுதப்பட்டது பிறகு தணிக்கையில் தெரிந்தது. விளக்கம் கேட்டு வந்த கடிதத்தில் இருந்தது என் பெயர். அலைய வேண்டாம் என்று சொன்னவர் எவர் பெயரும் அதில் இல்லை. தணிக்கைத் தடை கையெழுத்திட்டவரைத்தான் தேடி வரும். பதவி முடிந்து பல ஆண்டுகள் கழிந்தாலும் வரும்.

ஆகவே எந்தச் செலவுப் பட்டியலிலும் கையெழுத்திடுவதற்கு முன்பு நான்கைக் கேளுங்கள்: இந்தச் செலவுக்கான மன்றத் தீர்மானத்தின் எண் என்ன, மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு, பொறியாளர் அளவெடுத்து அளவுப் புத்தகத்தில் எழுதிவிட்டாரா, வேலை எங்கே நடந்தது. நான்காவது கேள்விக்கான பதிலைக் காகிதத்தில் வாங்காதீர்கள்; நடந்து போய்ப் பாருங்கள். சிமெண்ட் சாலையின் நீளத்தைக் காலடியால் அளக்கலாம், வாறுகாலின், அதாவது கழிவுநீர் வடிகாலின், ஆழத்தைக் குச்சியை விட்டுப் பார்க்கலாம். அந்தத் தெருப் பெண்களிடம் எத்தனை நாள் வேலை நடந்தது, எத்தனை மூட்டை இறங்கியது என்று கேட்டால், ஒன்றிய அலுவலகத்தில் ஒருவரும் சொல்லாத விவரம் வாசற்படியிலேயே கிடைக்கும். தலைவி நடந்து பார்ப்பாள் என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் ஒப்பந்ததாரர் கொட்டும் ஜல்லியின் தரமே மாறுகிறது. இதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

துணைத் தலைவர் வேண்டுமென்றே கையெழுத்திட மறுத்தால், சண்டை வேண்டாம், காகிதம் போதும். எந்தப் பட்டியல், எந்தத் தேதியில் அவர் முன் வைக்கப்பட்டது என்பதை எழுதி, மன்றக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதிந்து, நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஊராட்சிகளின் ஆய்வாளரான கலெக்டருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொக்கிரகுளத்திலுள்ள கலெக்டர் அலுவலகத்தில் நேரிலும் மனு கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தேதியும் எண்ணும் உள்ள புகாரை அலுவலகம் எளிதில் மறக்க முடியாது.

கூட்டம்

கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்தது. 2022 முதல் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு முறை கூடுகிறது. கூட்டம் செல்லுபடியாக, 500 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வர வேண்டும். அந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவர் நீங்கள். ஆண்கள் திண்ணையில் பேசி முடித்த ஒன்றைச் சபையில் படித்துக் கைதட்டிக் கலைவது வழக்கமாக இருக்கும் ஊரில், இதே சபையை உண்மையான சபையாக மாற்றுவதுதான் ஐந்தாண்டில் நீங்கள் செய்யக்கூடிய ஆகப் பெரிய வேலை.

அதற்கு நான் கண்ட வழி, சபைக்குப் பத்து நாள் முன்பே தெருத் தெருவாகச் சிறு கூட்டம் போடுவது. நேரத்தை முதலில் கவனியுங்கள். முக்கூடல், வீரவநல்லூர்ப் பக்கத்து ஊர்களில் பீடி சுற்றும் பெண்கள் கடைக்குச் சரக்குக் கொடுக்கும் நேரத்தில் கூட்டம் வைத்தால் ஒருவரும் வரமாட்டார்கள். ஆற்றுப்பாசன ஊர்களில் நடவு நாள்களில் காலையில் வைத்தால் வீடுகள் பூட்டியிருக்கும். ராதாபுரம் பக்கத்து வறண்ட ஊர்களில் குடிநீர் வரும் நேரம் எதுவோ அந்த நேரத்தில் குடத்தை விட்டுவிட்டு வரச் சொல்ல முடியாது. இரவு எட்டு மணிக்குச் சாவடியில் கூட்டம் போடுவதும் பெண்களை வராமல் செய்யும் ஒரு முறைதான், அது திட்டமிட்டுச் செய்யப்படாவிட்டாலும். மாலை நான்கு மணிக்கு, அங்கன்வாடித் திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ, பெண்கள் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே பேசலாம் என்று சொல்லுங்கள்; கூட்டம் தானாக நிறையும். எந்தச் சாதித் தெருவையும் விட்டுவிடாதீர்கள். ஒரு தெருவின் பெண்களை மட்டும் அறிந்த தலைவி, அந்தத் தெருவின் தலைவி மட்டுமே.

அங்கே சொல்லப்பட்டவற்றை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டு வந்து, சபையின் கூட்டப்பொருளில் சேர்த்து, சொன்ன பெண்ணையே எழுந்து பேசச் சொல்லுங்கள். தீர்மானம் நிறைவேறியதும் தீர்மானப் புத்தகத்தில் அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் எழுதி, உரக்கப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்திடுங்கள். வெற்றுத் தாளில் வருகைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் பல ஊர்களில் உண்டு, அதை முதல் கூட்டத்திலேயே நிறுத்திவிடுங்கள். வரவு செலவுக் கணக்கை ஒரு பலகையில் பெரிய எழுத்தில் எழுதி வைப்பதும் பயன் தருகிறது. கணக்குத் தெரிந்த சபை தலைவிக்குத் துணை நிற்கும். அவர் மீது பொய்ப்புகார் எழுந்தாலும் சபையே பதில் சொல்லும்.

கணவரும் வீடும்

பெண் தலைவரின் கணவரைப் பிரசிடெண்ட் அண்ணாச்சி என்று அழைக்கும் வழக்கத்தில் கெட்ட எண்ணம் எப்போதும் இருப்பதில்லை. பழகியவரிடம் பேசுவது மக்களுக்கு எளிது. கணவர்களிலும் உண்மையாக உதவ நினைப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆயினும் எல்லையை வகுப்பது உங்கள் கடமை, அதை வீட்டுக்குள்ளேயே முதல் வாரத்தில் பேசி முடிப்பது நல்லது. இரவில் ஓடையில் உடைப்பு என்றால் அவர் உடன் வரலாம், ஒன்றிய அலுவலகத்துக்கு வண்டி ஓட்டலாம், நீங்கள் கூட்டத்தில் இருக்கும் நேரத்தில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளலாம். மன்றக் கூட்டத்தில் அமர்வதற்கும், உங்கள் நாற்காலியில் உட்காருவதற்கும், உங்கள் பெயரை எழுதுவதற்கும், ஒப்பந்ததாரரோடு தொகை பேசுவதற்கும் அவருக்கு எந்தச் சட்ட உரிமையும் இல்லை.

இதை நடைமுறைப்படுத்தக் கடுமையான சொற்கள் தேவையில்லை. வீட்டுக்கு வந்து அவரிடம் மனுக் கொடுப்பவரைப் பார்த்து, அலுவலகத்துக்குக் காலையில் வாங்க அண்ணாச்சி, நான் அங்கே இருப்பேன், என்று நீங்களே சொல்லுங்கள். பிறகு சொன்ன நேரத்தில் அலுவலகத்தில் இருங்கள். தலைவியை நாள்தோறும் குறிப்பிட்ட இரண்டு மணி நேரம் அலுவலகத்தில் பார்க்க முடியும் என்ற நிலை வந்துவிட்டால், கணவரைத் தேடி வருவோர் சில வாரங்களிலேயே குறைந்துவிடுவார்கள். அதிகாரி ஒருவர் உங்களை விட்டுவிட்டு அவரிடம் பேசத் தொடங்கினால், கேள்விக்கு நீங்களே பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால், பார்த்துவிட்டு நாளை எழுத்தில் தருகிறேன் என்று சொல்லுங்கள். தெரியவில்லை என்று சொல்வதில் தலைவிக்கு இழுக்கு எதுவும் கிடையாது.

அச்சுறுத்தல் வரும்போது

இதை மென்மையாகச் சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் இல்லை. நெல்லையை அடுத்த தாழையூத்தில் ஊராட்சித் தலைவராக இருந்த கிருஷ்ணவேணி, பட்டியல் சாதியைச் சேர்ந்தவர், பெண்களுக்குக் கழிப்பறை கட்டும் வேலையைக் கையிலெடுத்திருந்த காலத்தில், 2011 ஜூன் மாதம் கொலைவெறியோடு வெட்டப்பட்டார். பலத்த காயங்களோடு உயிர் பிழைத்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து 2024-இல்தான் ஆறு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவர் செய்தது ஒரு தலைவர் செய்ய வேண்டிய சாதாரண வேலை. அதைச் செய்வதற்கு அவர் கொடுத்த விலையை இந்த மாவட்டத்தில் தலைவியாக வருகிற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

எனவே முதல் மிரட்டலையே பதிவு செய்யுங்கள். நாள், இடம், சொன்ன சொல், உடன் இருந்தவர் ஆகியவற்றை அன்றிரவே ஒரு நோட்டில் எழுதுங்கள். காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ அவருடைய பணியைச் செய்யவிடாமல் தடுப்பதும் மிரட்டுவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தனிக்குற்றம்; 2016 ஜனவரி முதல் நடப்பிலுள்ள திருத்தம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. புகாரில் அந்தச் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டே எழுதுங்கள். அவசர உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181 உண்டு. இடம், நில ஆக்கிரமிப்பு, டெண்டர் போன்ற சண்டை வரக்கூடிய விஷயங்களில் தனியாக முடிவெடுத்ததாகத் தோற்றம் வராமல், மன்றத்தின் அல்லது கிராம சபையின் தீர்மானமாகவே எதையும் செய்யுங்கள். பக்கத்து ஊராட்சிகளின் பெண் தலைவர்கள் நான்கைந்து பேரோடு தொடர்பு வைத்திருங்கள். ஒருவருக்குச் சிக்கல் என்றால் மற்றவர்கள் சேர்ந்து போய் அதிகாரி முன் உட்காரும்போது அறையின் காற்றே மாறுகிறது.

உறுப்பினர்கள் சேர்ந்து உங்களை இறக்கிவிடுவோம் என்று சொன்னால் கலங்க வேண்டாம். நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரை ஒரு மாலைக் கூட்டத்தில் கைதூக்கி நீக்கிவிட முடியாது. சட்டத்தின் 205-ஆம் பிரிவின்படி குற்றச்சாட்டை எழுத்தில் தந்து, கலெக்டர் விளக்கம் கேட்டு, தாசில்தார் கூட்டம் கூட்டி மன்றத்தின் கருத்தறிந்த பிறகே அந்த நடவடிக்கை நகரும். அந்த விளக்கத்தை எழுதும் நாளில்தான், நீங்கள் ஒழுங்காக வைத்திருந்த தீர்மானப் புத்தகமும் பாஸ்புத்தகங்களும் நோட்டும் உதவும்.

பதவி முடியும்போது

இடஒதுக்கீட்டுச் சுழற்சியில் உங்கள் ஊராட்சி அடுத்த முறை பொது இடமாக மாறலாம். பொது இடத்தில் பெண் நிற்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நல்ல கணக்கும் நடந்து பார்த்த கால்களும் உள்ள தலைவி அங்கேயும் நிற்கலாம், ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் நிற்கலாம். உங்களோடு இருந்த வார்டுப் பெண்களில் இருவரையாவது, கடைசி ஓராண்டு முழுவதும், வங்கிக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் உடன் கூட்டிப் போங்கள்.

விலகும் நாளில் வெறுங்கையோடு எழுந்து வந்துவிடாதீர்கள். தீர்மானப் புத்தகங்கள், மூன்று பாஸ்புத்தகங்கள், பயன்படுத்தாத காசோலைகளின் எண்கள், வரி ரசீதுப் புத்தகங்கள், டோக்கன், அலுவலகச் சாவி, மோட்டார், பைப், மின்விளக்கு இருப்பு ஆகியவற்றை ஒரு பட்டியலாக எழுதி, ஒப்படைத்தேன், பெற்றுக்கொண்டேன் என்று இருவரும் கையெழுத்திட்டு, தேதியும் முத்திரையும் வைத்து, அதன் ஒரு நகலை வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.